மோட்டார் சைக்கிளும் அதன் உடையவனும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உடையவன் ஆகிறான் என்பது சட்டம் கூறும் செய்தி. வாங்கிய பொருள் நடுவழியில் நின்றுவிடும்போது அதன் முன்னே கைகட்டி நிற்பவன் எவ்வளவுக்கு உடையவன் என்பது வேறு கேள்வி. தையற்பொறியாயினும், நீரிறைக்கும் பம்பியாயினும், துவிச்சக்கர வண்டியாயினும், அதன் உள்ளே நடப்பது யாது என்று அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னவன் பொருளை ஆள்கிறான். பின்னவன் பிறர் தயவை எதிர்பார்த்திருக்கிறான். இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு மோட்டார் சைக்கிள் மிகப் பொருத்தமான உதாரணமாகும். அதன் உறுப்புகள் பெரும்பாலும் வெளியே தெரிகின்றன; அதன் குறைபாடுகளோ ஓட்டுபவனின் உயிருக்கே ஊறு செய்யக்கூடியவை. அதனை வீட்டிலே வைத்துப் பேணலாமா, பழுது பார்க்கலாமா, விருப்பம்போல மாற்றி அமைக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இத்தாலி நாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று தெளிவான விடை தருகின்றது.

வட இத்தாலியில் மலைகளுக்கிடையே கோமோ என்னும் ஏரி உண்டு. அதன் கிழக்குக் கரையில் மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூர் அமைந்துள்ளது. 1921 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற மோட்டோ குட்சி என்னும் நிறுவனம் இவ்வூரிலேயே வளர்ந்தது. இயந்திர நுணுக்கம் அறிந்த கார்லோ குட்சியும், விமானியான ஜோர்ஜியோ பரோடியும் முதலாம் உலகப் போரின்போது நண்பர்களானவர்கள். அவர்களுடன் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்யக் கனவு கண்ட மூன்றாமவர் ஜொவான்னி ரவெல்லி என்னும் விமானி. போர் முடிந்தபின் 1919 இல் அவர் விமான விபத்தொன்றில் இறந்தார். சிறகு விரித்த கழுகு இந்நிறுவனத்தின் சின்னமாக அமைந்தது அந்நண்பரின் நினைவாகவே.

பந்தயங்களிலே பெரும் புகழ் ஈட்டிய இந்நிறுவனம் 1957 இன் இறுதியில் பந்தயத் துறையைவிட்டு விலகியது. 1960களில் ஜூலியோ செசாரே கார்கானோ என்ற பொறியியலாளர், வேகத்தைவிட உழைப்பையே முதன்மையாகக் கருதி, புதியதோர் இயந்திரத்தை வகுத்தார். 1965 இன் இறுதியில் மிலான் நகரக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1967 இல் விற்பனைக்கு வந்த அந்த மோட்டார் சைக்கிளின் பெயர் வி7. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 700 கன சென்ரிமீற்றர். இத்தாலியப் பொலிஸாரும், பின்னர் அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலப் பொலிஸ் பிரிவுகள் சிலவும் இவ்வகை வண்டிகளைப் பயன்படுத்தினர். நாள் முழுவதும் ஓடவேண்டிய வண்டி அடிக்கடி பட்டறைக்குப் போகலாகாது. போனாலும் விரைவில் திரும்பவேண்டும். அத்தகைய உழைப்புக்கு ஈடுகொடுத்த அமைப்பு, வீட்டுப் பட்டறையில் வேலை செய்பவனுக்கும் வாய்ப்பாக அமைந்தது.

அந்த அமைப்பைச் சிறிது விளக்கவேண்டும். இந்த இயந்திரத்துக்குச் சிலிண்டர்கள் இரண்டு. அவை ஒன்றுக்கொன்று செங்கோணமாக, ஆங்கில எழுத்தாகிய ‘வி’யைப் போல விரிந்து நிற்கின்றன. பிஸ்ரன்களின் மேல் கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் சுழற்றித் தண்டு, வண்டியின் நீளப் போக்கில் கிடக்கின்றது. ஆதலின் ஒரு சிலிண்டர் ஓட்டுபவனின் வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் எதிர்க்காற்றிலே நேராக நிற்பதால் சமமாகக் குளிர்கின்றன. அத்துடன், சிலிண்டரின் தலைப்பகுதி முழுவதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றது. பெற்றோல் தாங்கியையோ வேறெதனையோ கழற்றாமல், வண்டியின் பக்கத்தில் ஒரு சிறிய முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வேலை செய்யலாம். பின் சில்லுக்கு விசை கொண்டுசெல்வது சங்கிலி அன்று. மோட்டார்க் காரில் உள்ளது போன்ற சுழல்தண்டு. ஆதலால், சங்கிலியை இறுக்குதல், எண்ணெயிடுதல், மாற்றுதல் ஆகிய தொல்லைகள் இல்லை.

வீட்டிலே செய்யக்கூடிய வேலைகளுள் தலையாயது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தல். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை உள்ளே விடுகின்றது. மற்றது எரிந்த புகையை வெளியே போக்குகின்றது. இயந்திரத்தின் நடுவே சுழலும் தண்டொன்று, நீண்ட தள்ளுகோல்களின் வழியாக இவ்வால்வுகளைத் திறக்கின்றது. தள்ளுகோலால் அசையும் நெம்புக்கும் வால்வின் முனைக்கும் இடையே சிறியதோர் இடைவெளி இருத்தல் வேண்டும். அது ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அளவினது. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கைந்நூல் தரும்.

இந்த அற்ப இடைவெளி ஏன் இன்றியமையாதது? வால்வு தன் இருக்கையில் மோதி மோதி நாளடைவிலே சற்று உட்சென்று அமர்கின்றது. அதனால் இடைவெளி குறைகின்றது. அது முற்றாக இல்லாது போனால், வால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வின் விளிம்பு வழியே தீச்சுவாலை பாயும். வால்வு கருகி அழியும். மாறாக, இடைவெளி மிகுந்துவிட்டால் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்கும், வலுவும் குன்றும். ஒலி எழுப்பும் வால்வு தன் குறையைத் தானே சொல்லிவிடுகின்றது. ஒலியின்றி இறுகிப்போகும் வால்வோ எச்சரிக்கை எதுவும் தராமல் எரிந்துபோகின்றது. ஆதலால், ஓசை கேட்கவில்லை என்று திருப்தியடைந்து இருந்துவிடலாகாது. குறித்த தூரம் ஓடியதும் அளந்து பார்த்தே தீரவேண்டும்.

அளக்கும் முறையும் கடினமானதன்று. இயந்திரம் இரவு முழுவதும் ஓய்ந்து குளிர்ந்திருக்கவேண்டும். முதலில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டால் இயந்திரம் எளிதாகச் சுழலும். பின்னர் சிலிண்டர் தலையின் மூடியைக் கழற்றவேண்டும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, உயர்ந்த கியரிலே போட்டு, பின் சில்லைக் கையால் மெல்லச் சுழற்றினால் பிஸ்ரனும் அசையும். பிஸ்ரன் உச்சியை அடைந்ததா என்று எப்படி அறிவது? கியர்ப்பெட்டிக்கு முன்னால் ஒரு சிறு துவாரம் இறப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். அதனூடே பறப்புச் சில்லின் விளிம்பைக் காணலாம். அதில் ‘எஸ்’ என்ற எழுத்தும் ‘டி’ என்ற எழுத்தும் கோடுகளுடன் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தாலிய மொழியில் இடப்பக்கம் ‘சினிஸ்திரா’, வலப்பக்கம் ‘தெஸ்திரா’. அச்சொற்களின் முதலெழுத்துகளே அவை. வண்டியைச் செய்தவர், அதனைப் பின்னாளில் திறந்து பார்க்கப் போகின்றவனை நினைவிற்கொண்டு விட்டுச்சென்ற அடையாளங்கள் என்றே அவற்றைக் கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிஸ்ரன் ஒரு முறை வேலை செய்து முடிப்பதற்குள் இரண்டு தடவை உச்சிக்கு வருகின்றது. ஒரு தடவை கலவையை அழுத்திக்கொண்டு வரும். மறு தடவை புகையைத் தள்ளிக்கொண்டு வரும். முதலாவது வகையிலேயே இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். நெம்புகள் இரண்டையும் விரலாற் பிடித்து அசைத்துப் பார்த்தால் சற்றே ஆடவேண்டும். ஆடாவிடின், அது தவறான உச்சி. இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றவேண்டும். இதனை அறியாமல் அவசரப்பட்டு இடைவெளியை மாற்றிவிட்டு, வண்டி ஓடவில்லையே என்று கலங்குவோர் உளர். சரியான நிலை கிடைத்தபின், அளவு குறிக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளியிலே செருகவேண்டும். தகடு சிறிது பிடிப்போடு இழுபடுமாயின் அளவு சரி. இல்லையேல் நெம்பின் முனையிலுள்ள சுரையைத் தளர்த்தி, திருகாணியைத் திருப்பி, மறுபடி இறுக்கிவிட்டு, மீண்டும் ஒரு முறை அளக்கவேண்டும். இறுக்கும்போது அளவு மாறுவது இயல்பு. நான்கு வால்வுகளையும் இவ்வாறு சரிசெய்யப் பழகியவனுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இத்தாலியிலேயே பொலோஞ்ஞா நகரில் செய்யப்படும் டுக்காட்டி என்னும் புகழ்பெற்ற வண்டியோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். பபியோ தாலியோனி என்ற பொறியியலாளர் டுக்காட்டியில் வால்வை மூடுவதற்குச் சுருள்வில்லை நம்பாமல், திறப்பதற்கு ஒரு நெம்பும் மூடுவதற்கு மற்றொரு நெம்பும் வைத்தார். மிக வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வால்வு வழிதவறாமல் இயங்குவதற்கு அது சிறந்த உபாயம். 1968 முதல் வீதியில் ஓடும் வண்டிகளிலும் அது இடம்பெற்றது. ஆனால், அங்கே வால்வு ஒன்றுக்கு இடைவெளிகள் இரண்டு. அவற்றைச் சரிசெய்யத் திருகாணியைத் திருப்பினாற் போதாது. வெவ்வேறு கனமுள்ள சிறு துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தவேண்டும். பொறுமையும் அனுபவமும் மிக்க சிலர் அதனையும் வீட்டிலே செய்கின்றனர். எனினும் புதிதாகக் கற்கின்றவனுக்கு அது ஏற்ற பாடம் அன்று. ஒரே நாட்டின் இரு நிறுவனங்களுள் ஒன்று வேகத்தைப் பெரிதாகக் கொண்டது. மற்றது பேணும் எளிமையைப் பெரிதாகக் கொண்டது. வாங்குபவன் இவற்றுள் எதனை நாடுகிறான் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

வால்வுகளுக்கு அடுத்தபடியாகக் கவனிக்கத்தக்கவை காபரேற்றர்கள். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு உண்டு. கைப்பிடியை முறுக்கும்போது இரண்டும் ஒரே அளவாகத் திறக்கவேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால், ஒரே நுகத்திற் பூட்டிய இரு மாடுகளுள் ஒன்று மட்டும் இழுப்பது போலாகும், வண்டி நடுங்கும். இரண்டு சிலிண்டர்களும் உறிஞ்சும் விசையை அளக்கும் மானிகள் கடைகளிலே கிடைக்கின்றன. அவற்றின் முட்கள் ஒரே இடத்தில் நிற்கும்வரை இழுகம்பிகளின் நீளத்தைத் திருத்தவேண்டும். இங்கே ஒழுங்குமுறை ஒன்று உண்டு. வால்வு இடைவெளி முதலாவது, தீப்பொறி எழும் நேரம் இரண்டாவது, காபரேற்றர் கடைசி. முன்னைய இரண்டும் பிழையாக இருக்கும்போது காபரேற்றரைத் திருத்துவது வீண் வேலை.

மின்சாரப் பகுதியில் உள்ள நுட்பம் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. 1970களின் பல குட்சி வண்டிகளில் மின்னாக்கி, இயந்திரத்தின் முன்புறத்தில் அமைந்துள்ளது. வண்டியின் முகப்பிலே பற்றரிக்கு மின்னேறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். பலர் அதனை வெறும் அடையாள விளக்கு என்றே எண்ணுகின்றனர். உண்மையில், மின்னாக்கி வேலை தொடங்குவதற்கு வேண்டிய முதல் மின்னோட்டம் அந்தச் சிறு மின்குமிழின் வழியாகவே செல்கின்றது. குமிழ் எரிந்துபோனால் மின்னாக்கி விழிப்படையாது; பற்றரி நாளுக்கு நாள் வலுவிழக்கும். இதனை அறியாதவன் புதிய பற்றரி வாங்குவான். பின் மின்னாக்கியையே மாற்றுவான். அறிந்தவன் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பான். எரியாவிடின் சில சதம் பெறுமதியான குமிழை மாற்றுவான். நோயின் மூலத்தை ஆராயாமல் உறுப்புகளை மாற்றிக்கொண்டே போவது பழுது பார்த்தல் ஆகாது.

குட்சி குறைகளே இல்லாத வண்டி என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். தொடக்க கால வண்டிகளில் எண்ணெயைச் சுத்தஞ் செய்வதற்குக் கம்பி வலையொன்றே இருந்தது. 1975 இல் வெளிவந்த 850 ரி3 என்னும் வகையிலே மாற்றத்தக்க வடிகட்டி சேர்க்கப்பட்டது. ஆயினும் அதனை இயந்திரத்தின் அடித்தட்டுக்கு உள்ளே வைத்தார்கள். வடிகட்டியை மாற்றுவதற்கு ஒரு டசினுக்கும் மேற்பட்ட திருகாணிகளைக் கழற்றி அடித்தட்டையே இறக்கவேண்டும். வால்வுகளை வெளியிலே வைத்த கை, வடிகட்டியை உள்ளே மறைத்ததேன் என்று உடைமையாளர் பலர் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை. வெளியிலிருந்தே வடிகட்டியை மாற்றத்தக்க அடித்தட்டுகளைப் பின்னர் வேறு தயாரிப்பாளர்கள் செய்து விற்றனர்.

இந்த வடிகட்டிக் கதையோடு மறைவான நோயொன்றும் சேர்ந்துள்ளது. அக்காலத்தில் செய்யப்பட்ட பல குட்சிகளின் அலுமினியச் சிலிண்டர்களுக்கு உட்புறத்தில் கடினமான குரோமியப் பூச்சு இடப்பட்டது. தேய்வைத் தாங்குவதற்கு அது நல்லதே. ஆனால், வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடாமல் ஈரத்திலே கிடந்தால் பூச்சு மெல்லக் கிளம்பத் தொடங்குகின்றது. பின்பு ஓட்டும்போது அது சிறு செதில்களாக உரிந்து எண்ணெயில் விழும். குரோமியமோ மிகக் கடினமானது. எண்ணெயோடு சேர்ந்து சுழற்றித் தண்டின் தாங்கிகளுக்குச் சென்றால் அரம் போல் அவற்றை அராவிவிடும். வலை மட்டுமே உள்ள வண்டிகளில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். பழைய குட்சி ஒன்றை வாங்குபவன் வெளியிலே பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. ஸ்பார்க் பிளக் துவாரத்தினூடே நுண்ணிய ஒளிக்கருவியைச் செலுத்திச் சிலிண்டர்ச் சுவரைப் பார்க்கவேண்டும். வடித்த எண்ணெயிலே வெள்ளி போன்ற மினுமினுப்பு உண்டா என்று சோதிக்கவேண்டும். மினுமினுப்புத் தென்பட்டால், வேறெந்த அலங்காரத்துக்கும் காசு செலவிடுமுன் சிலிண்டர்களை மாற்றுவதோ, நிக்கல் கலந்த புதிய பூச்சு இடுவிப்பதோ செய்தல் வேண்டும்.

பெரிய வேலைகளுக்கும் இந்த வண்டி இடங்கொடுக்கின்றதா? கிளச்சைப் பார்க்கவேண்டுமாயின் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் பிரிக்கவேண்டும். மோட்டார்க் காரில் உள்ளது போல எண்ணெயில் நனையாத உலர் கிளச்சு அது. கார்கானோவுக்குப் பின்வந்த லீனோ தொந்தி என்ற வடிவமைப்பாளர் 1971 இல் வி7 ஸ்போர்ட் என்னும் வண்டிக்குப் புதியதொரு சட்டம் அமைத்தார். முன்பு சிலிண்டர்களுக்கு நடுவே மேலே இருந்த மின்னாக்கியை அகற்றி, இயந்திரத்தின் முன்புறத்திலே வேறொன்றைப் பொருத்தியதால், சட்டத்தைத் தாழ்வாகவும் நேராகவும் அமைக்க அவரால் இயன்றது. சட்டத்தின் கீழ்க் குழாய்கள் இரண்டையும் திருகாணி கழற்றிப் பிரித்தெடுக்கவும் வகை செய்தார். அதன் பயனாக, இயந்திரத்தைத் தரையிலே உறுதியாகத் தாங்கி நிறுத்திவிட்டு, சட்டத்தை மட்டும் மேலே தூக்கிவிட முடிகின்றது. உதவிக்கு ஒருவரும் மரக்கட்டைகள் சிலவும் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலே இதனைச் செய்யலாம். அந்தச் சட்டம் பல ஆண்டுகள் வெவ்வேறு வகைக் குட்சிகளிலே தொடர்ந்து பயன்பட்டது.

இவ்வாறு பிரித்து வேலை செய்பவனுக்கு வேண்டிய முதற் கருவி ஒழுங்கு. கழற்றிய திருகாணிகளை ஒரே தட்டிலே கொட்டிவைப்பவன், திரும்பப் பூட்டும்போது திண்டாடுவான். கடதாசி மட்டையொன்றில் உறுப்பின் உருவத்தை வரைந்து, எந்தத் துவாரத்துத் திருகாணியோ அந்த இடத்திலேயே அதனைக் குத்தி வைத்தல் பழைய முறை. இன்று கைத்தொலைபேசியால் ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள்வோரும் உளர். இரண்டும் நல்லனவே. அடுத்தது, முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பனர். அலுமினியத்திலே வெட்டிய புரிகள் மென்மையானவை. ‘இன்னும் சிறிது இறுக்கினால் நல்லது’ என்று நினைத்துக் கொடுக்கும் கடைசித் திருப்பிலேதான் புரி அழிகின்றது. ஸ்பார்க் பிளக்கை முதலில் கைவிரலாலேயே திருகி, நேராகப் புகுந்ததை உணர்ந்த பின்னரே ஸ்பனரை எடுக்கவேண்டும். மூன்றாவது கருவி ஒரு குறிப்புப் புத்தகம். எந்த நாளில், எத்தனையாவது கிலோமீற்றரில், என்ன செய்யப்பட்டது என்பதை எழுதி வைத்தவனுக்கு அடுத்த பழுது பாதி விளங்கிவிடும்.

வீட்டு வேலைக்கு எல்லையும் உண்டு. பிறேக்குகளைப் பிரிப்பதற்கு முன், தனக்கு அது முழுமையாகத் தெரியுமா என்று ஒருவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளல் வேண்டும். இயந்திரத்திலே செய்த பிழை வண்டியை நிறுத்தும். பிறேக்கிலே செய்த பிழை வண்டியை நிற்கவிடாது. முதன்முறை செய்பவன் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்திலே வைத்துக்கொள்வதும், முடித்தபின் அவரைக் கொண்டு சோதிப்பிப்பதும் வெட்கப்படத்தக்க செயல்கள் அல்ல. மேலும், பழைய பிறேக்குக் கட்டைகளிலும் கிளச்சுத் தகடுகளிலும் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதுவதோ காற்றுப் பீச்சித் துடைப்பதோ நுரையீரலுக்குப் பெருந் தீங்கு. ஈரத் துணியாலேயே துடைத்தெடுக்கவேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றுவது அயலவர்க்குச் செய்யும் தீமை. பெற்றோல் ஆவி திரண்டு நிற்கும் மூடிய அறையிலே விளக்கேற்றுதலும் புகைபிடித்தலும் கூடா என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, விருப்பப்படி மாற்றி அமைத்தல் என்ற பகுதிக்கு வருவோம். 1950களிலும் 1960களிலும் இலண்டன் மாநகரின் வடசுற்று வீதியிலே ‘ஏஸ் கபே’ என்ற தேநீர்ச் சாலையில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களோடு கூடுவது வழக்கம். நோர்ட்டன் வண்டியின் சட்டத்திலே ட்ரயம்ப் வண்டியின் இயந்திரத்தைப் பொருத்தி, இரண்டின் பெயரையும் சேர்த்து ‘ட்ரைட்டன்’ என்று அழைத்தார்கள். தாழ்ந்த கைப்பிடிகள், பின்தள்ளிய மிதிகள், ஒற்றை ஆசனம் ஆகியன அவர்களின் பாணி. அப்பாணியைத் தொழிற்சாலைகளும் பின்பற்றின. 1976 இல் குட்சி வெளியிட்ட லெ மான் என்னும் 850 வண்டி, தாழ்ந்த கைப்பிடிகளோடு தொழிற்சாலையிலிருந்தே அத்தோற்றத்தில் வந்தது. இன்றும் ஐரோப்பாவின் பல ஊர்களில், பழைய குட்சிகளை இவ்வண்ணம் உருமாற்றுவோர் பலர் உளர். வெளியே நீண்டு நிற்கும் இரு சிலிண்டர்களும், நேரான சட்டமும், சங்கிலியில்லாத பின்புறமும் அவர்களின் கற்பனைக்கு நல்ல களமாகின்றன.

ஆயினும், மாற்றம் செய்பவன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்விடத்தில் உள்ளது என்று முதலில் கேட்டறிய வேண்டும். இதற்கு குட்சியின் பிறேக்கே சான்று. 850 ரி3 வகையிலே முன்புறத்தில் இரண்டு தட்டுப் பிறேக்குகளும் பின்புறத்தில் ஒன்றும் உண்டு. கால்மிதியை அழுத்தினால் பின் பிறேக்கும் முன் பிறேக்குகளுள் ஒன்றும் சேர்ந்து பிடிக்கும். கைநெம்பு மற்றைய முன் பிறேக்கை மட்டும் பிடிக்கும். ஈரமான வீதியிலே பதற்றத்தில் காலை அழுத்துபவனையும் ஓரளவு காப்பதற்காக அவ்வாறு பங்கிட்டார்கள். பந்தய வண்டியின் தோற்றம் வேண்டி இந்த இணைப்பைத் துண்டிப்போர் உண்டு. துண்டித்தபின், முன்பு ஒரு பிறேக்குக்கு அளவாக இருந்த கைப்பக்கத்து அழுத்தி இரண்டு பிறேக்குகளுக்கு எண்ணெய் தள்ளவேண்டியதாகின்றது; இரண்டு என்ற கணக்கிற்கு அமைந்த கால்பக்கமோ ஒன்றை மட்டும் மிகையாக அழுத்திச் சில்லைப் பூட்டிவிடக்கூடும். ஆகவே ஓர் இணைப்பைத் துண்டித்தவன் இரண்டு அழுத்திகளின் அளவுகளையும் மீண்டும் கணக்கிட்டுப் பொருத்தியாக வேண்டும். குழாயை வெட்டுவது ஐந்து நிமிட வேலைதான்; அதன் விளைவு மழை நாளிலே தெரியும்.

காற்றுப் பெட்டியை அகற்றிவிட்டு, காபரேற்றரின் வாயிலே சிறு வடிகட்டிகளை மாட்டுவதும் இத்தகையதே. காற்றின் ஓட்டம் மாறினால் பெற்றோலின் அளவும் மாறவேண்டும். மாற்றாவிட்டால் கலவையில் பெற்றோல் குறைந்து, இயந்திரம் அளவுமீறிச் சூடேறும். சைலன்சரை மாற்றினாலும் அவ்வாறே. தோற்றத்துக்காகச் செய்யும் ஒரு மாற்றம், உள்ளே மூன்று மாற்றங்களை வேண்டி நிற்கின்றது.

அனுபவசாலிகள் கைக்கொள்ளும் நல்ல விதியொன்று உண்டு: திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றங்களையே செய்தல். கைப்பிடி, ஆசனம், மிதி, விளக்கு முதலியவற்றை மாற்றலாம். கழற்றியவற்றை எண்ணெய் தடவிப் பொதிந்து வைக்கலாம். சட்டத்தை அறுத்தல், ஒட்டுவைத்தல் ஆகியன அவ்வாறு மீட்க முடியாதவை. பழைய சட்டம் இனிப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. மேலும் அதன் வலிமையைக் கணக்கிட்டவர் ஒரு பொறியியலாளர். அறுப்பவர் பெரும்பாலும் அவர் அல்லர்.

சட்டங்களும் இதிலே தலையிடுகின்றன, தலையிடுவதும் நியாயமே. இத்தாலியில் மோட்டார் சைக்கிளொன்று பதிவாகி நான்காம் ஆண்டிலே முதன்முறையும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். ஜெர்மனியிலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. முக்கிய மாற்றங்கள் வண்டியின் பத்திரத்திலே பதியப்படவேண்டும். வீதி ஒருவனுக்கு மட்டும் சொந்தமானதன்று. தன் கொட்டகையிலே ஒருவன் பெற்ற சுதந்திரம், வீதியிலே எதிரே வரும் குழந்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காலம் மாறியிருக்கின்றது. மோட்டோ குட்சி 2004 முதல் பியாஜ்ஜியோ நிறுவனத்தின் கீழ் உள்ளது. மாண்டெல்லோவில் இன்றும் வண்டிகள் செய்யப்படுகின்றன. காபரேற்றரின் இடத்தைக் கணினியால் இயங்கும் பெற்றோல் பீச்சிகள் பிடித்துவிட்டன. 2021 இல் நூற்றாண்டையொட்டி அறிமுகமான வி100 வகை, நீரால் குளிரும் இயந்திரம் கொண்டது. மின்னணுச் சாதனங்கள் நிறைந்தது. இவற்றால் புகை குறைந்துள்ளது, பாதுகாப்பு வளர்ந்துள்ளது. இவற்றைப் பழிப்பது முறையன்று. ஆனால், எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதன் காரணத்தை வாசிக்கத் தனிக் கருவியும் மென்பொருளும் வேண்டியிருக்கின்றன. அவை கைவசம் இல்லாத உடைமையாளன் மீண்டும் கைகட்டி நிற்கும் நிலைக்கு வருகிறான். இயந்திரத்தைத் திறக்கும் அறிவு யாருக்கு உரியது, செய்தவருக்கா வாங்கியவருக்கா என்ற வழக்கு இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுவது இதனாலேயே.

இவ்வழக்கிலே பழைய குட்சி வண்டிகள் ஒரு சாட்சியாக நிற்கின்றன. ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தில் மாண்டெல்லோ நகருக்குப் பல நாடுகளிலிருந்தும் குட்சி உடைமையாளர் திரளாக வருவர். அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த வண்டிகளும் தம் சொந்த விசையாலேயே ஓடிவந்து நிற்பதைக் காணலாம். அவற்றை இதுவரை ஓடச்செய்தது தொழிற்சாலை மட்டும் அன்று. குளிர்ந்த காலை வேளையிலே முக்காலியில் அமர்ந்து, பறப்புச் சில்லின் துவாரத்தினூடே ‘எஸ்’ என்ற எழுத்தைத் தேடி, தகட்டைச் செருகி அளந்து, குறிப்புப் புத்தகத்திலே அன்றைய திகதியை எழுதிவைத்த எண்ணற்ற கைகளும் அவற்றை ஓடச்செய்தன. அத்தகைய கைகளில் ஒன்றுக்கு உரியவனே அந்த வண்டிக்கு உண்மையில் உடையவன்.